ஊலோங்குக்குச் சோறு போடாதீங்க

பாவ்சூவுக்குக் கல்யாணம் என்ற செய்தியைவிட, ஊலோங் விமானம் ஏறப்போகிறது என்ற செய்திதான் சந்தில் முதலில் பரவியது. ஐம்பத்தாறு வயதில் ஒருத்தி மறுபடி கல்யாணம் செய்துகொண்டு கனடா போகிறாள், சரி, உலகத்தில் நடக்காததா? ஆனால் கோயில் வாசலில் நாள் முழுக்க வெயில் காய்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவர் கால்களையெல்லாம் தடுக்கிக்கொண்டு கிடக்கும் அந்தக் கறுப்புச் சோம்பேறி நாய் பசிபிக் கடலைத் தாண்டிப் பறக்கப்போகிறது என்றால் சும்மாவா? தைவானில், தாய்னான் நகரத்தின் அந்தச் சந்தில் பாதிப் பேர் ஜப்பானைத் தாண்டிப் போனதில்லை. மீதிப் பேர் ஜப்பானுக்கே போனதில்லை.

"ஏண்டி பாவ்சூ, அதுக்கு ஜன்னல் சீட்டு கேட்டியா?" எதிர்ச்சாரி பன் கடையிலிருந்து சியூகின் கத்தினாள். ஆவி பறக்கும் மூங்கில் தட்டுகளுக்குப் பின்னால் அவள் முகம் தெரியாது. குரல் மட்டும் வரும்.

"உன் வாயை இங்கேயே கட்டிப்போட்டுட்டுப் போனா போதும், அது நிம்மதியா போய்ச் சேரும்," என்றாள் பாவ்சூ.

பாவ்சூ வைத்திருந்தது பெண்களுக்கான முடி அலங்காரக் கடை. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டு முன்னறையில் நாற்காலிகள், கண்ணாடி, தலையைச் சூடான காற்றில் காயவைக்கும் குடை போன்ற இரண்டு பெரிய மெஷின்கள். வாடிக்கைக்காரிகளை நிமிர்ந்து உட்காரவைத்தே தலைக்கு நுரை போட்டுத் தேய்ப்பாள். ஒரு சொட்டு கண்ணில் விழாது. தேய்த்து முடிப்பதற்குள் அந்தச் சந்தின் நல்லது கெட்டதெல்லாம் பேசி முடிந்திருக்கும். அவள் கைபடாத பெண் தலை அந்தச் சந்தில் இல்லை. யார் தலையில் எந்த எண்ணெய், யாருக்கு எந்தக் கவலையில் முடி கொட்டுகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

உப்பளத்து ஊரிலிருந்து பதினைந்து வயதில் தலை கழுவும் வேலைக்கு வந்தவள். சோப்பு நீரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாப்பாட்டுக் குச்சியைப் பிடிக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டு வேலை கற்றாள். பிறகு ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த மகராசன் ஒருநாள் லோடு ஏற்றிக்கொண்டு தைபே போனவன், லாரியை மட்டும் வேறொரு ஆளிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினான். சந்தே கூடி ஆறுதல் சொல்ல வந்தபோது பாவ்சூ வீட்டில் இல்லை. இரண்டாவது காற்று மெஷின் வாங்கப் போயிருந்தாள்.

ஊலோங் வந்தது ஒரு சூறாவளிக்கு மறுநாள். வாசலில் சாய்ந்து கிடந்த ஸ்கூட்டருக்கு அடியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற குட்டி. அவள் அதைத் தூக்கிவந்து காற்று மெஷினுக்குக் கீழே வைத்துக் காயவைத்தாள். அன்றிலிருந்து அந்த மெஷினின் இரைச்சல் கேட்டால்தான் அதற்குத் தூக்கம் வரும். வாடிக்கை இல்லாத நாட்களில் அது கண்ணைச் சிமிட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வேறு வழியில்லாமல் ஆளில்லாத நாற்காலிக்கு மெஷினைப் போட்டுவிடுவாள்.

கனடாக்காரர் காவ் அவர்களும் இந்த நாயால் வந்த வரவுதான். தைவானில் பிறந்து, இளம் வயதிலேயே வான்கூவர் பக்கம் போய்ச் செடி நாற்றுப் பண்ணை வைத்தவர். மனைவி இறந்து பல காலம் ஆயிற்று. அண்ணனைப் பார்க்கத் தாய்னானுக்கு வந்தவர், பெண்கள் கடை என்று தெரியாமல் முடிவெட்ட உள்ளே நுழைந்துவிட்டார். "ஆம்பளைங்களுக்கு அடுத்த தெருவுல போங்க," என்று பாவ்சூ சொல்லி வாயை மூடவில்லை, ஊலோங் வந்து அவர் ஷூவின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

"இது எழுந்திருச்சதும் நானும் எழுந்து போயிடறேங்க," என்றார் அவர், பவ்யமாக.

அது எழுந்திருக்கவில்லை. பாவ்சூ முடியை வெட்டிவிட்டாள். நான்கே நாளில் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார்.

"இனிமே அந்தத் தலையில வெட்ட என்னடி இருக்கு? காதுதான் மிச்சம்," என்றாள் சியூகின்.

கடைசியில் அவர் கேட்டேவிட்டார். பாவ்சூ சீப்பைக் கீழே வைத்தாள். காது மடல் வரை சிவந்துபோய், "நான் தனியா வரமாட்டேன். நானும் நாயும்தான்," என்றாள்.

"நாயை முதல்ல ஏத்துங்க. அது ஏறிட்டா நீங்க தானா ஏறிடுவீங்க," என்றார் காவ். அவள் சிரித்த சிரிப்பில் பன் கடைத் தட்டே ஆடிப்போயிற்று என்று சியூகின் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

காவ் முன்னதாகவே திரும்பிப் போய்விட்டார். வீட்டைச் சுற்றி வேலி போட வேண்டுமாம், நாய் ஓடிப்போகாமலிருக்க. ஒவ்வொரு நாளும் வேலியைப் படமெடுத்து அனுப்புவார். பாவ்சூ அதைத் தலையில் நுரையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் காட்டுவாள். கல்யாணப் பெண் மாப்பிள்ளை படத்தைக் காட்டிப் பார்த்திருக்கிறோம். இவள் மரக்கட்டையைக் காட்டினாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் சந்தின் மனதை நோகடித்துவிட்டாள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, வட்ட மேஜைகள் வைத்து, சமையல்காரரைக் கூப்பிட்டுக் கல்யாண விருந்து வைக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரு குரலாய்ச் சொன்னார்கள். அவள் கேட்கவேயில்லை. "இந்த வயசுல சிவப்புத் துணி விரிச்சு மேஜை போடறதா? ஊர் சிரிக்கும். நான் பாட்டுக்குச் சத்தமில்லாம போயிடறேன், விடுங்க." எல்லோர் முகமும் தொங்கிப்போயிற்று. அவள் கவனிக்கவில்லை. அவளுக்குத்தான் நாயின் பயண வேலையே தலைக்குமேல் கிடந்ததே!

அந்த வேலையை நடத்திவைத்தவள் ஷிஹான் என்ற இளம்பெண். வெளிநாட்டுக்குச் செல்லப்பிராணிகளை அனுப்பிவைப்பதுதான் அவள் தொழில். அடையாளச் சிப் வைத்து, ஊசி போட்டு, டாக்டர் சான்று வாங்கி எல்லாவற்றையும் முடித்த பிறகு ஒருநாள் பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து கடை நடுவில் இறக்கினாள்.

"இதுக்குள்ள அது நிக்கணும், திரும்பணும், படுக்கணும். முக்கியமா பயப்படக் கூடாதுக்கா. பெட்டிதான் தன்னோட வீடுன்னு நினைக்கணும்."

ஊலோங் பெட்டியைப் பார்த்தது, முகர்ந்தது. அடுத்த நிமிடம் கோயிலுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. உள்ளே கோழித்துண்டு போட்டால் பின்னங்கால் இரண்டையும் வெளியே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடியது. தள்ளிப் பார்த்தார்கள். கெஞ்சிப் பார்த்தார்கள். சியூகின் முழங்கால் போட்டுப் பெட்டிக்குள் நுழைந்தே காட்டினாள். நுழைந்தவளை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பாவ்சூவுக்குத்தான் பளிச்சென்று தோன்றியது. காற்று மெஷினுக்குக் கீழே இருந்த நாற்காலியை நகர்த்திவிட்டுப் பெட்டியை அங்கே தள்ளினாள். மெஷினைப் பெட்டியின் தலைக்குமேல் இறக்கி சுவிட்சைப் போட்டாள். வழக்கமான இரைச்சல் எழுந்தது. வாசலில் நின்ற ஊலோங் காதை விறைத்தது. உள்ளே வந்தது. யாரையும் பார்க்காமல் பெட்டிக்குள் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டுப் படுத்துத் தூங்கியேவிட்டது.

"மத்த நாய்ங்க விமானச் சத்தத்துக்குப் பயப்படும்க்கா. இது சத்தம் நின்னாத்தான் பயப்படும் போல!" ஷிஹான் கைதட்டிக் குதித்தாள். கடையிலிருந்த பெண்களெல்லாம் கைதட்டினார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் தலை ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "காசு குடுத்தது நானு, காத்து வாங்கறது நாயா?" என்று கேட்டாள்.

அன்றிரவு பாவ்சூ சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் காவிடம் போனில் கத்தினாள். கண்டம் தாண்டியாயிற்று என்றே நினைத்தாள். நினைப்பதற்கென்ன!

மறுவாரம் ஷிஹான் எடை பார்க்கும் பலகையோடு வந்தாள். பெட்டியை நாயோடு ஏற்றினாள். எண்ணைப் பார்த்தாள். இறக்கி மறுபடி ஏற்றினாள். அவள் முகம் மாறிவிட்டது.

"அக்கா, போன தடவை டாக்டர்கிட்ட இவன் எடை சரியாத்தானே இருந்துச்சு? இப்ப பெட்டியோட சேர்த்து முப்பத்திநாலு காட்டுது."

"அதனால என்ன?"

"முப்பத்திரண்டு கிலோவுக்கு மேல போனா உங்களோட அதே விமானத்துல ஏத்த மாட்டாங்கக்கா. சரக்கு மாதிரி தனியாத்தான் அனுப்பணும். அதுக்கு இனிமே வழியே இல்ல. உங்க விமானம்தான் கடைசி. அதுக்கப்புறம் வெயில் காலம்னு நாயையே எடுக்க மாட்டாங்க. இலையுதிர் காலம் வரைக்கும் காத்திருக்கணும்."

பாவ்சூ உடனே காவைக் கூப்பிட்டாள். காவ் போனில், "பரவாயில்ல, நான் காத்திருக்கேன்," என்றார்.

"நீங்க காத்திருப்பீங்க. உங்களை நம்பறேன். என்னைத்தான் நம்ப முடியல," என்றாள் அவள்.

அது உண்மை. சரி என்று ஒரு வார்த்தை சொல்ல அவள் தன் தைரியத்தையெல்லாம் சுரண்டித் திரட்டியிருந்தாள். கடைக்குப் புது ஆள் பார்த்தாயிற்று. பாத்திரம் பண்டங்களைக் கொடுத்தாயிற்று. இப்போது ஒரு கோடை முழுக்க இந்த ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்துவிட்டால் தன்னால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். நாயை விட்டுவிட்டுப் போவதோ, அதை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சரி, நாய் எப்படிப் பெருத்தது? கேட்க வேண்டுமா! வெளியூர் போகிறவனை வயிறாரச் சாப்பிடவைக்காமல் அனுப்பினால் சந்துக்கே அவமானமில்லையா? காலையில் சியூகினின் பன்றி இறைச்சி பன். பூஜை முடிந்ததும் கோயில் காரியம் பார்க்கும் அஹாய் மாமா படையலிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கோழிக்கால். மதியம் யார் வீட்டுச் சோறோ. சாயங்காலம் சாசேஜ் வண்டிக்காரன், "கனடாவுல இதெல்லாம் கிடைக்காதுடா கண்ணா," என்று சொல்லிச் சொல்லிப் போட்டான். நாய் ஒருவருக்கும் இல்லையென்று சொல்லவில்லை.

பாவ்சூ ஒரு அட்டையில் பெரிதாக, 'எனக்குச் சோறு போடாதீங்க' என்று எழுதி நாயின் கழுத்தில் மாட்டிவிட்டாள். சாயங்காலம் அட்டை எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பி வந்தது. ஒரு மூலையை நாயே தின்றிருந்தது.

"யார் வேலைடி இது?" பாவ்சூ பன் கடைக்குப் பாய்ந்தாள்.

"நான் சோறா போட்டேன்? பன்தானே போட்டேன்!" என்றாள் சியூகின், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அஹாய் மாமாதான் யோசனை சொன்னார். எழுபது வயதாகியும் தலையில் ஒரு முடி உதிராத மனிதர். அதற்கு, ஆண்களில் தனக்கு மட்டும் தலை தேய்த்துவிடும் பாவ்சூவின் கைதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்வார். "மனுஷங்க சொன்னா கேக்க மாட்டாங்கம்மா. நம்ம கோயில் மாட்ஸு அம்மன் சொன்னா கேப்பாங்க. உன் நாய் பத்திரமா போய்ச் சேர்ற வரைக்கும் மாமிசம் தொடாதுன்னு வேண்டிக்கோ. விரதத்துல இருக்கற வாய்ல எவனாவது கறியை வைப்பானா? பாவம் வந்து சேராதா?"

பாவ்சூ அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. குளிப்பாட்டிய நாயோடு அம்மன் முன்னால் போய் முழங்காலிட்டாள். குறி கேட்கும் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டையும் நெற்றிக்கு நேரே பிடித்து, "அம்மா தாயே, இந்த நாய் விரதமிருக்கச் சம்மதமா?" என்று கேட்டுத் தரையில் போட்டாள். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தன.

"அம்மன் சிரிக்கறா, பதில் சொல்லல. மறுபடி போடு," என்றார் அஹாய் மாமா. அம்மன் சிரிக்காமல் என்ன செய்வாள்? ஊலோங் அதற்குள் படையல் மேஜைக்குக் கீழே தலையை விட்டிருந்தது. இரண்டாம் முறை ஒன்று கவிழ்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் விழுந்தது. சம்மதம்! அஹாய் மாமா மைக்கைப் போட்டுச் சந்து முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். நாய்க்கு விரதம் என்று கோயில் மைக்கில் சொன்னது அந்த ஊரில் அதுவே முதல் தடவை.

பலன் உடனே தெரிந்தது. பன் கடைத் தட்டுகள் நாய்க்கு மூடப்பட்டன. சாசேஜ் வண்டிக்காரன் நாயைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். பாவ்சூ நிம்மதியாகத் தூங்கினாள்.

பத்து நாள் கழித்து ஷிஹான் வந்தாள். பெட்டியை ஏற்றினாள். எண் முன்னைவிடக் கூடியிருந்தது.

"இது எப்படி?" பாவ்சூவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊலோங்கின் வாயைத் திறந்து முகர்ந்தாள். எண்ணெயில் பொரித்த சோயாக்கட்டி வாசனை. சேப்பங்கிழங்குக் கேக். சர்க்கரைவள்ளி உருண்டை. கோழி மாதிரியே மாவில் செய்து பொரித்த சைவக்கோழி!

விரதமிருக்கிறவருக்குச் சைவச் சாப்பாடு கொடுத்தால் புண்ணியம் அல்லவா? இதுவரை நாயின் பக்கமே வராதவர்கள்கூடப் புண்ணியம் தேடிக்கொள்ள வந்துவிட்டார்கள். அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வந்தார்களாம்.

பாவ்சூ நடுச்சந்தில் போய் நின்றாள். கையில் சீப்பு, இடுப்பில் துண்டு. அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

"அடப்பாவிங்களா! உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? அது ஏறலன்னா நானும் ஏற முடியாது! அந்த மனுஷன் அங்க ஒத்தை ஆளா வேலி போட்டுட்டு உக்காந்திருக்காரு! என் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை எனக்குன்னு ஒண்ணு வருது. அதை நாய் வயித்துல போட்டு மூடறீங்களே!"

சியூகின்தான் மாவுக் கையோடு வெளியே வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் அழுகையும் கூடவே வந்துவிடும்.

"வேற யார் வயித்துல போடச் சொல்றே? விருந்து வேணாம்னே. மேஜை வேணாம்னே. சத்தமில்லாம போறேன்னே. முப்பது வருஷம் எங்க தலையைத் தொட்டவ, உனக்கு ஒரு வாய் சோறு போட விட்டியா நீ? நாயாவது வாயைத் திறந்துச்சு!"

பாவ்சூ கையிலிருந்த சீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். அத்தனை பேரும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி," என்றாள் கடைசியில். "எனக்கே போடுங்க. நாயை விட்டுடுங்க. மனுஷிக்கு எடை வரம்பு கிடையாது."

எழுந்த கூச்சலில் கோயில் புறாக்களெல்லாம் பறந்துவிட்டன. அந்த ஞாயிற்றுக்கிழமையே சந்தை அடைத்துக் கோடு போட்ட பந்தல் எழுந்தது. வட்ட மேஜைகளில் சிவப்பு விரிப்பு. பெரிய அடுப்புகளில் முழு மீன் வெந்தது, நண்டு வைத்த பசையரிசிச் சோறு வெந்தது. காவை போன் திரையில் வரவழைத்து, போனை ஒரு சோயா சாஸ் பாட்டிலில் சாய்த்து, மணமகள் பக்கத்து நாற்காலியில் வைத்தார்கள். ஒவ்வொரு மேஜைக்கும் பாவ்சூ போனையும் அந்தப் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு போய்க் கோப்பை உயர்த்தினாள். காவுக்கு அங்கே விடிந்திருக்கக்கூட இல்லை. தலையைச் சீவிக்கொண்டு, டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, காது இன்னும் இருக்கா?" என்று சியூகின் கத்த, மேஜைக்கு மேஜை சிரிப்பு உருண்டது. மீந்ததைப் பைகளில் கட்டி எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பைகூட நாய்ப்பக்கம் போகவில்லை.

அதோடு விட்டார்களா? அன்றிலிருந்து காலையில் பன், மதியம் கோழிக்கால், சாயங்காலம் சாசேஜ் எல்லாம் பாவ்சூவின் வாய்க்கு வந்தன. அவளும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். புதுப் பாவாடையின் கொக்கியைத் தள்ளித் தைக்க வேண்டிவந்தது. இன்னொரு பக்கம் ஊலோங்கை ஆள்மாற்றி ஆள் ஸ்கூட்டரை மெதுவாக உருட்டிக்கொண்டு கால்வாய்க் கரையில் ஓடவிட்டார்கள். அஹாய் மாமா மட்டும் சைக்கிளில். பயணத்துக்கு முந்தைய நாள் ஷிஹான் எடை பார்த்தபோது முப்பத்திரண்டுக்குக் கீழே ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. ஷிஹானைத் தூக்கிச் சுற்றாத குறை.

"பெட்டிக்குள்ள உங்க வாசனை இருக்கற பழைய துணி ஏதாவது போடுங்கக்கா. பயணத்துல ஆறுதலா இருக்கும்," என்றாள் அவள். பாவ்சூ தன் பஞ்சுவைத்துத் தைத்த குளிர்காலக் கோட்டை எடுத்துவந்தாள். வருஷக்கணக்காகக் கடையில் போட்டுக்கொண்ட கோட்டு. அதையும் சேர்த்து எடை போட்டுப் பார்த்தார்கள். எல்லைக்கோட்டைத் தொட்டு நின்றது.

மறுநாள் விடிகாலை சந்தே வாசலில் நின்றது. "நீ பாஸ்போர்ட்டைப் பாரு, பெட்டியை நாங்க பாத்துக்கறோம்," என்று அவளை உள்ளே தள்ளிவிட்டு, பெட்டியைத் தாங்களே தயார்செய்து வேனில் ஏற்றினார்கள். கையசைப்பு, கூச்சல், பட்டாசுகூட ஒரு சரம். விமான நிலையம் வடக்குக் கோடியில். வழியெல்லாம் பாவ்சூ ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். கூட வந்த ஷிஹானுக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கவில்லை.

கவுண்டரில் பெட்டியைப் பலகையில் ஏற்றினார்கள். அங்கிருந்த பெண் எண்ணைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"மேடம், ஒரு கிலோவுக்கு மேல அதிகமா இருக்கே."

"இருக்காது! நேத்துத்தானே பாத்தோம்!"

பாவ்சூ பெட்டியைத் திறந்து நாயைக் கழுத்துப்பட்டையில் பிடித்துக்கொண்டாள். ஷிஹான் உள்ளே கையை விட்டாள். கோட்டுக்குக் கீழே ஒரு ரவிக்கை வந்தது. அதற்குக் கீழே ஒரு சட்டை. ஒரு பனியன். இன்னொரு பனியன். ஒரு கால்சட்டை.

"அக்கா..." ஷிஹானின் முகம் வெளிறிவிட்டது. "அவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா எனக்கு போன் பண்ணாங்க. ஒரே ஒரு பழைய துணி வைக்கலாமான்னு கேட்டாங்க. ஒண்ணுதானேன்னு எல்லாருக்கும் சரின்னுட்டேன்."

பாவ்சூ ரவிக்கையை வாங்கி முகர்ந்தாள். ஆவியும் மசாலாவும் கலந்த வாசனை. சியூகின். சட்டையில் ஊதுபத்தி. அஹாய் மாமா. பனியனில் கற்பூரத் தைலம். இது மருந்துக் கடைக்காரர் தாங்குடையது. ராத்திரியில் நாய் குரைத்தால் ஜன்னலைத் திறந்து ஏழு தலைமுறையையும் திட்டுகிற ஆள், தன் பனியனைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்! ஒன்றைக்கூட அவள் யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"உங்க கோட்டு மட்டும் உள்ள இருந்தா போதும்க்கா," ஷிஹான் பரபரத்தாள். "மத்ததெல்லாம் வெளியே எடுத்துடலாம். சீக்கிரம், வரிசை நிக்குது."

"இல்ல," என்றாள் பாவ்சூ. அவளே குனிந்து தன் கோட்டை உருவினாள். "நான் அது கூடத்தான் போறேன். அங்க இறங்கினா என் வாசனை அதுக்குக் கிடைச்சிடும். இவங்க வாசனைக்கு எங்க போறது?"

துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாள். நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். எண் இறங்கி, முப்பத்திரண்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. கவுண்டர் பெண் பெட்டியில் சீட்டை ஒட்டினாள். பெட்டியை நகர்த்தும் உருளைகளின் இரைச்சல் கேட்டதும் ஊலோங் தாங்கின் பனியனில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கண்ணை மூடிற்று. தன் சூட்கேஸ்கள் எதிலும் இடமில்லாததால் கொளுத்துகிற மே மாதத்தில் பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, பாவ்சூ விமானம் ஏறினாள்.

வான்கூவரில் காவ் காத்திருந்தார். அவர் கையாலேயே பெட்டிக் கதவைத் திறக்கச் சொன்னாள். ஊலோங் பாய்ந்து வெளியே வந்து, அவர் மேல் ஏறி, முகத்தை நக்கி, ஒரு வட்டமடித்துவிட்டு அவர் ஷூவின் மேல் உட்கார்ந்தது.

"வந்துட்டான்! வந்துட்டான்!" என்று அவர் குழந்தை மாதிரி கத்தினார். அசைய முடியாமல் நின்றபடியே திரும்பிப் பார்த்தார். "பாவ்சூ? அங்க என்ன பண்றே?"

அவள் தரையில் முழங்காலிட்டு, நாய் இறங்கிய பெட்டிக்குள் தலையை விட்டு, அந்தத் துணிகளில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"இருங்க," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "கொஞ்ச நேரம் இருங்க."